ஐம்பத்திரண்டாவது அட்டை

“சித்தி, உங்கடை செபப்புத்தகத்துக்குள்ளை இருக்கிற அந்தப் படத்தை ஒருக்கா எடுங்கோ, பாப்பம்.”

எறிக் சும்மா கேட்பது போலத்தான் கேட்டான்.

மெல்பேர்ணில், நோபல் பார்க் வீட்டின் குசினியில், ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள் பற்றிமா. எறிக்கின் அம்மாவுக்குத் தங்கை. தபால்களைத் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை. இன்று பூசையில் அவள் புத்தகத்தைத் திறந்தபோது அந்தப் படம் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு சுவாமியார் சொன்ன ஒரு சொல்லும் எறிக்கின் காதில் ஏறவில்லை.

அது, மட்டையை உயர்த்தி வானத்தைப் பார்த்து நிற்கும் டாரியோ மென்டெஸ் என்ற பேஸ்போல் வீரனின் அட்டை. ஒரே சீசனில் ஐம்பத்திரண்டு ஹோம் ரன் அடித்தவன். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை அச்சிட்டிருந்தார்கள். எறிக்கிடம் ஐம்பத்தொன்று இருந்தன. இல்லாதது கடைசி அட்டை மட்டும். அது இல்லையே என்று அவன் இணையத்தில், மெல்பேர்ண் சேகரிப்பாளர் குழுவில், புலம்பாத வாரமில்லை.

அந்தக் குழுவில் இன்னொருவரும் ஐம்பத்தொன்றில் நின்றார். ‘டஸ்ரி குளோவ்’ என்று பெயர். முகமும் தெரியாது, எந்த அட்டை குறைகிறது என்றும் சொல்வதில்லை. “இன்னுமா தேடுகிறாய், குழந்தாய்?” என்று எறிக்கை மூன்று வருடமாகச் சீண்டுவது மட்டும் குறையவில்லை. முதலில் முடிப்பது யார் என்று குழுவே காத்திருந்தது.

பற்றிமா கையைக் கழுவி, துடைத்து, படத்தை ஓரங்களில் மட்டும் பிடித்து எடுத்தாள். எவ்வளவு பக்தி என்று எறிக் உருகினான்.

“பழைய சாமான் கடையிலை ஒரு புத்தகத்துக்குள்ளை கிடந்தது. தலைக்குப் பின்னாலை ஒளிவட்டம் பார். எந்தப் புனிதரெண்டுதான் தெரியேல்லை. உனக்குத் தெரியுமோ?”

தலைக்குப் பின்னால் இருந்தது மைதானத்து விளக்கு. உண்மையைச் சொன்னால் படத்தின் மதிப்பும் தெரிந்துவிடும்.

“ஓம் சித்தி. புனித... டாரியோ. தென் அமெரிக்காப் பக்கம்.”

“கையிலை என்ன, பொல்லே?”

“மேய்ப்பர் சித்தி. ஆடு மேய்ச்சவர்.”

“ஆடு மேய்க்கிறவருக்குத் தொப்பி?”

“அங்கை சரியான வெயில்.”

“அப்ப நெஞ்சிலை ஏன் இருபத்திமூண்டு எண்டு போட்டிருக்கு?”

“அது... திருநாள் திகதி.”

“எந்த மாதம்?”

“ஒக்ரோபர்!”

பற்றிமா நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். இதற்கெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் எவ்வளவு நேரம் முழந்தாளில் நிற்க வேண்டுமோ என்று எறிக்குக்கு வியர்த்தது.

“சித்தி, இதை எனக்குத் தாறீங்களோ? மடுக் கோயிலிலையிருந்து வந்த அந்தோனியார் படம் தாறன். தங்கக் கரை போட்டது.”

“அந்தோனியார் என்னட்டை ஒன்பது பேர் நிக்கினம். இவர் ஒராள்தான்.”

“இவற்றை வேறை படங்கள் என்னட்டை இருக்கு. பாருங்கோவன்.”

பையிலிருந்த மேலதிக அட்டைகளை மேசையில் பரப்பினான். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தபால் பிரிக்கும் வேகத்தில் தள்ளிக்கொண்டு போனாள்.

“இவர் பல்லைக் காட்டுறார், செபிக்க ஏலாது. இவர் என்ன, சுவிங்கமோ சப்புறார்? சீ. இது...”

விரல் நின்றது. பதினேழாவது அட்டை. ஓடிவந்த டாரியோ தூசிக்குள் முகம்குப்புற விழுந்து கிடந்தான்.

“பாவம், சிலுவைப்பாதையிலை விழுந்த மாதிரி. பாக்கவே மனம் உருகுது. இவரைத் தா, அவரைக் கொண்டு போ.”

எறிக்கிடம் பதினேழு இரண்டு இருந்தன. துள்ளிக் குதிக்காமல் இருக்கத்தான் கஷ்டப்பட்டான்.

“உங்களுக்காகத் தாறன் சித்தி.”

“நல்லாயிரு மோனே. சாப்பிட்டிட்டுப் போவன்?”

“இல்லைச் சித்தி, அவசரம். போட்டு வாறன்!”

“பொய் சொல்லாமல் நட. புனிதர் கைவிடார்.”

எறிக் முற்றத்தில் நின்ற காருக்கு ஓடினான். பின் சீற்றில் கிடந்த அல்பத்தை மடியில் விரித்து, கடைசி உறைக்குள் ஐம்பத்திரண்டாவது அட்டையைச் செருகினான். மூன்று வருடம்! ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். தனியாகவே “ஊ!” என்று கத்தினான். படம் எடுத்து, டஸ்ரி குளோவின் வயிற்றெரிச்சலை நினைத்துச் சிரித்தபடி குழுவைத் திறந்தான்.

ஒரு நிமிடத்துக்கு முன் டஸ்ரி குளோவ் ஒரு படம் போட்டிருந்தார். ஐம்பத்திரண்டு அட்டைகளும் நிறைந்த அல்பம். கடைசியாக நிரம்பிய உறையில், தூசிக்குள் விழுந்து கிடக்கும் பதினேழு. ஓரத்தில் ஒரு செபமாலை. அதன் கீழே ஒரு வரி: “முடித்துவிட்டேன், குழந்தாய். என்னிடம் ஐம்பத்திரண்டாவது இரண்டு இருந்தன. புனித டாரியோவின் திருநாள் ஒக்ரோபர் இருபத்திமூன்று, மறந்துவிடாதே.”

எறிக் நிமிர்ந்து பார்த்தான். குசினி ஜன்னலில் பற்றிமா சித்தி, அகப்பையைப் பொல்லுப் போல உயர்த்திப் பிடித்து, டாரியோவைப் போலவே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.