முதலில் இதைப் பிரி

ஏழு மணி நேரம் பேருந்தில் வந்த எஸ்தர், நான்காவது மாடி ஏறியதும் உட்கார இடம் தேடினாள். ஒன்பது வருடம் அவளோடு ஒரே விடுதி அறையில் இருந்த பூங்கோதை, மாற்றலாகி இந்த நகரத்துக்கு வந்து நான்கு மாதமாகிறது.

“அந்தப் பெட்டி மேல உக்காரு. நீ உக்காந்தாலும் தாங்கும்டி.”

அட்டைப்பெட்டியின் மேல் எஸ்தரின் கையெழுத்து: ‘முதலில் இதைப் பிரி.’ இருவரும் தினமும் டீ குடித்த இரண்டு டம்ளர்களைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து ஒட்டியவள் அவள்தான். மற்ற பெட்டிகளெல்லாம் காலியாகி, மடிக்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றன.

திரும்பி வருவாயா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். பூங்கோதை சனிக்கிழமை முழுக்கத் தூங்கினாள். ஞாயிறன்று கடை டீயைப் பேப்பர் கப்பில் குடித்தார்கள். பையை மாட்டிக்கொண்ட பிறகுதான் எஸ்தருக்குப் பேச வாய் வந்தது.

“இத நான் பிரிச்சு வெச்சுட்டுப் போகட்டுமா?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு” என்ற பூங்கோதை அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வழியனுப்பக்கூட எழவில்லை. எஸ்தர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, முனை எழும்பியிருந்த டேப்பைப் பூங்கோதை கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள்.