சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

இயந்திரங்களை வணங்கும் விசுவகர்மா பூசை நாள். கொல்கத்தா அருங்காட்சியக முற்றத்தில், ஓய்வுபெற்ற போர்விமானத்தின் மூக்கில் வெயில் பளபளக்கிறது. மேலே பட்டங்கள் அலைகின்றன. விமானம் கண்ட போர்களையெல்லாம் அருகிலுள்ள பலகை பறைசாற்றுகிறது. ஆண்டுதோறும் பூசை போட்டு அதை வானுக்கு அனுப்பிய மெக்கானிக் உத்தமனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவரோ இன்றும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். அது நசுங்கினால்தான் பூசை நிறைவுறும். "நகராத வண்டிக்கு எதுக்குங்க பழம்? நசுங்கலேன்னா வீட்டுக்கு வந்து நீங்கதான் புலம்புவீங்க," என்கிறார் மனைவி வசந்தி. உத்தமன் முகம் வாடுகிறது. வங்காளிக் காவலாளி குனிந்து பார்க்கிறார். விமானத்தை இரும்புத் தாங்கிகள் சுமக்க, சக்கரம் தரையைத் தொடாமல் விரற்கடை உயரத்தில் தொங்குகிறது. "தாதா, ஹாத் லாகான்!" என்று உத்தமனைக் கைகொடுக்க அழைத்தபடி காவலாளியே முதலில் டயரைப் பிடித்துத் தள்ளுகிறார். உத்தமனும் சேர்ந்து தள்ளுகிறார். சக்கரம் கிறீச்சிட்டுச் சுழல்கிறது; பழம் பிதுங்கிச் சாறு தெறிக்கிறது. "கிளம்பிடுச்சு வசந்தி, தள்ளி நில்லு!" என்று கத்துகிறார் உத்தமன்.