பதினோராம் நம்பர் கட்டில்

வார்டுக்குள் நுழைந்ததுமே நர்சிங் சூப்பிரண்டு ரூபாவதிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வரிசையாகக் கிடந்த கட்டில்களில் பதினோராம் நம்பர் மட்டும் தலைமாடு கால்மாடாகத் திரும்பிக் கிடந்தது.

"யாரு பாத்த வேலை இது?"

"நாந்தான் மேடம்," என்றாள் நர்ஸ் நாகஜோதி.

"ஆஸ்பத்திரியில வாஸ்து பாக்குறியா? மொதல்ல பழையபடி திருப்பிப் போடு."

"போட மாட்டேன்."

"மெமோ குடுப்பேன்!"

"குடுங்க, வாங்கிக்கிறேன். கட்டிலத் திருப்ப மாட்டேன்."

"பதினொண்ணு ஏற்கெனவே வம்பு புடிச்ச கேசு. மூட்டு ஆப்பரேஷன் முடிஞ்சு மூணு நாளா கால நீட்டச் சொல்லி டாக்டர் கத்துறாரு, மடக்கியே வச்சிருக்கு. வலி ஊசியையும் கூட்டியாச்சு. இதுல நீ வேற!"

"பதினொண்ணு இல்ல மேடம், அவுங்க பேரு சபியா. வலியால மடக்கல. கால்மாடு மேற்க இருந்துச்சு. மக்கா இருக்குற தெசையில எப்படிக் கால நீட்டுவாங்க? சொன்னாச் சிரிப்பீங்கன்னு வாய மூடிக்கிட்டுக் கெடந்திருக்காங்க. மூணு நாளா ஏன்னு ஒருத்தரும் கேக்கல. காலையில தலை சீவி விடும்போது நான் கேட்டேன்."

ரூபாவதி அப்போதுதான் கட்டிலைச் சரியாகப் பார்த்தாள். ஆப்பரேஷன் செய்த கால், போர்வைக்கு வெளியே நேராக நீண்டிருந்தது. சபியா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மூட்டுக்குத்தான் ஆப்பரேஷன் பண்ணுனோம் மேடம். படுத்திருக்குறது முழு மனுஷி," என்ற நாகஜோதி, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள். "இப்ப எழுதுங்க மெமோவ."