தொலைபேசி இரைச்சல்

மகள் காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் ஆகியும், தினமும் சாயங்காலம் தச்சர் வீட்டுத் தொலைபேசி தவறாமல் அடித்தது. அவர் எடுத்தால் வெறும் இரைச்சல். மனைவி எடுத்தால் அந்த இரைச்சலுக்குள் மகள் சிரிப்பது கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவள் இரண்டு வாய் சாப்பிடுவாள். அதனால் மணி அடித்தால் அவளையே எடுக்க விட்டுவிடுவார்.

"கரகரப்பு ஜாஸ்தியாயிடுச்சுங்க. அவ எதுக்குச் சிரிக்கிறான்னே புரிய மாட்டேங்குது. கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்களேன்" என்றாள் ஒருநாள்.

"மரமா இருந்தா இழைச்சுக் குடுத்துடுவேன். இது ஒயராச்சே" என்று இழுத்தாலும், மறுநாள் புது இணைப்புப் பெட்டி வாங்கி வந்தார். சுவரிலிருந்த பழையதைக் கழற்றினார். உள்ளே செம்புக் கம்பிகள் களிம்பேறிக் கிடந்தன. கெட்டுப்போன நுனிகளை நறுக்கி, மேலுறையைச் சீவி, சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்று திருகாணியில் சுற்றி முடுக்கினார். ரிசீவரில் துளி இரைச்சல் இல்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் மணி அடித்தது. மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சொல்லுடா கண்ணு."

அவள் முகம் மெல்ல வெளுத்தது.

"என்னம்மா, கேக்கலையா?"

"நல்லா கேக்குதுங்க. அவ சிரிக்கலைங்க. இத்தனை நாளும் சிரிக்கவே இல்லைங்க."

அவர் வாங்கிக் காதில் வைத்தார். பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இப்போது அவருக்கும் கேட்டது. மகள் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.

"கண்ணு, அப்பாடா" என்றார். அழுகை நிற்கவில்லை. அவர் குரல் அவளுக்குப் போய்ச் சேர்ந்ததாகவே தெரியவில்லை.

ரிசீவரைக் கீழே வைக்க இருவருக்கும் கை வரவில்லை.