ஆறு இலக்க எண்

"இலவச மெயிலை நம்புறதும் வாடகை கொடுக்காம ஒரு வீட்ல குடியிருக்கிறதும் ஒண்ணுதாம்மா. என்னிக்கு வேணாலும் மூட்டையைக் கட்டச் சொல்லிடுவான்," என்றார் கம்ப்யூட்டர்காரர், மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டபடி.

தெருவில் எல்லாரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். மென்பொருள், மெயில் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், ஒரு மணி நேரம் பிடித்து உட்கார வைத்துவிடுவார். இதுவரை எந்தக் கம்பெனியும் அவரிடம் நல்ல பெயர் வாங்கியதில்லை.

"கட்டச் சொல்லிட்டான்," என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த அந்த அம்மாள். "இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்த மெயில் சர்வீஸையே மூடறாங்க. அதுக்குள்ள உள்ள போய் நம்ம கடிதங்களை எடுத்துக்கணுமாம். இல்லேன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம்."

மணி நாலேகால் ஆகியிருந்தது.

"பாஸ்வேர்டு?"

"தெரியாது. என் வீட்டுக்காரர்தான் எனக்கு ஆரம்பிச்சுக் கொடுத்தார். ஆறு வருஷம் வெளியூர்ல வேலை பார்த்தப்போ தினம் ஒரு கடிதம் போடுவார். பழைய கம்ப்யூட்டர்ல தொட்டாலே திறந்துக்கும். போன வாரம் அது போயிடுச்சு. இந்தப் புதுசு பாஸ்வேர்டு கேக்குது."

"அங்கதான் தப்பு. பாஸ்வேர்டை மெஷின் ஞாபகம் வச்சுக்கக் கூடாது. மனுஷன்தான் வச்சுக்கணும். உங்க வீட்டுக்காரரைக் கேக்கறதுதானே?"

"கேட்டுப் பார்த்துட்டேன். ஞாபகம் இல்லைங்கறார்."

"எங்கயாவது எழுதி வச்சிருப்பாரே."

"எழுதி வைக்கிறவன் முட்டாள்னு சொல்வார்."

கம்ப்யூட்டர்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "விஷயம் தெரிஞ்ச மனுஷன். இந்தக் காலத்துல இப்படி ஆளுங்க எங்க இருக்காங்க? ஒரு காலத்துல மென்பொருள்னா ஒரு தகட்டுல அடங்கும். இப்போ பாருங்க, நாலு வரி எழுதறதுக்கு ஒண்ணு, அது பாதி கம்ப்யூட்டரை முழுங்கிட்டு இன்னும் கொண்டான்னு கேக்குது. மாசா மாசம் புதுப்பிக்கிறேன்னு சொல்லிட்டு, நேத்து இருந்த பொத்தானை இன்னிக்குக் காணாம அடிச்சிடறான். அப்புறம் இந்த கிளவுடு, மேகம்ங்கறானே..."

"மணி நாலரை ஆகப் போகுது," என்றாள் அவள் மெதுவாக.

"சரி, சரி. விஷயம் தெரிஞ்சவனும் ஆம்பளைதானே. பெண்டாட்டி பேரைத்தான் வச்சிருப்பான். உங்க பேரைச் சொல்லுங்க."

சொன்னாள். தட்டினார். தவறு என்றது திரை.

"கல்யாணத் தேதி?"

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு தேதியைச் சொன்னாள். அந்த முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. எட்டு இலக்கங்களையும் தட்டினார். மறுபடி தவறு. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: இன்று இன்னும் ஒரு முறை மட்டுமே முயலலாம்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்குப் பாவமாக இருந்தது.

"அப்படி என்னம்மா இருக்கு அதுல?"

"பெருசா ஒண்ணும் இல்ல. சாப்பிட்டியா, தூங்கினியா, இங்க மழைன்னு எழுதியிருப்பார். நேர்ல ஆசையா நாலு வார்த்தை பேச வராது அவருக்கு. அந்தக் கடிதங்கள்ல மட்டும்தான் என்னைச் செல்லப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இப்போ அவர் என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடறதில்ல. அதுவும் போச்சுன்னா எனக்குன்னு எதுவுமே இல்ல."

கம்ப்யூட்டர்காரர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அழாதீங்கம்மா. இன்னொரு வழி இருக்கு." 'மறந்துவிட்டதா?' என்ற இடத்தைத் தொட்டார். 47 என்று முடியும் கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று அனுப்பப்படும் என்றது திரை. அதுவும் ஒரே ஒரு முறைதான் அனுப்புவார்களாம்.

"இது யார் நம்பர்? உங்க வீட்டுக்காரரோடதா?"

அந்த அம்மாள் திரையருகே குனிந்து பார்த்தாள். இப்படி ஒரு வழி இருப்பது அவளுக்கு இதுவரை தெரியாது.

"ஆமா. அவரோடதுதான்."

"போன் அவர் கையில இருக்கா?"

"இருக்கு. எப்பவும் அவர்கிட்டயேதான் இருக்கும்."

"அப்போ கவலையை விடுங்க. எண் வந்ததும் அவர்கிட்ட கேட்டு வாங்கிடலாம்," என்று பொத்தானை அழுத்தினார்.

மூன்று விநாடிகூட ஆகவில்லை. கம்ப்யூட்டர்காரரின் சட்டைப் பையில் போன் ஒலித்தது.

எடுத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"அநியாயத்தைப் பாருங்க. எவனோ யார் கணக்கையோ திறக்கப் பார்க்கிறான், அதுக்கு எண் எனக்கு வருது. இப்படித்தான் மோசடி பண்றாங்க."

"அந்த எண்ணை எனக்குச் சொல்லுங்களேன்," என்றாள் அவள்.

அவர் சட்டென்று போனை மார்போடு சேர்த்து மறைத்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. இதெல்லாம் யாருக்கும் சொல்லக் கூடாது." அவள் கை நீள்வதற்குள் அந்தச் செய்தியை அழித்தார். போனில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கேயும் தேடிப் பிடித்து அழித்தார். பிறகு திருப்தியோடு நிமிர்ந்தார்.

"என் பெண்டாட்டிகிட்டகூட நான் இதையெல்லாம் சொன்னதில்லம்மா."

"சொன்னதே இல்லைங்க," என்றாள் அவர் மனைவி.