ஒரு லாரிச் சனம்

"போனா ஒருத்தர் உடாமப் போகோணும். இல்லாட்டி ஆரும் போக வேண்டாம்" என்றார் மருதாசலம்.

ஆத்தாயிக்குப் பகீரென்றது. சேலத்தில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு போய் ராட்டினம் காட்டலாம் என்று நாள் தவறாமல் அவர் காதில் ஓதியவளே அவள்தான். உண்மையில் அவளுக்கு ராட்டினமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஒரு பகல் முழுக்க வீடு காலியாக வேண்டும், அதில் மகள் வசந்தாமணி மட்டும் இருக்க வேண்டும்.

சேலத்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அற்புதராஜோடு வசந்தாமணி பேசிக்கொண்டு நின்றது தெரிந்த அன்று, "இன்னொருக்கா அந்த வேதக்காரப் பையனோட பாத்தேன், கெணத்துல தள்ளி மண்ணைப் போட்டு மூடிப்போடுவேன்" என்றார் மருதாசலம். சொல்லிக்கொண்டே கையை ஓங்கினார். அவள் குட்டியிலிருந்து வளர்த்த செவலை நாய் பாய்ந்து வந்து அவர் ஆடுசதையைக் கவ்விவிட்டது.

மனுசன் சொன்னால் செய்கிற ஆள். கட்டிக்கொண்டு முப்பது வருசம் குப்பை கொட்டியவளுக்கு அது தெரியாதா? எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனாக இருந்தால் என்ன, மகள் எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும் என்று ஆத்தாயி துணிந்துவிட்டாள்.

"எல்லாருமே போலாமுங்க. போற வழியில கொலசாமிக்குப் பொங்க வெச்சுட்டுப் போனா இன்னும் நல்லதுங்க" என்றாள்.

அவ்வளவுதான், ஏற்பாடு தடபுடலாக நடந்தது. கட்டிக்கொடுத்த பெண்கள் இரண்டு பேரும் மாமியார் மாமனாரோடு வந்து இறங்கினார்கள். காது கேட்காத சித்தப்பாவிலிருந்து கைக்குழந்தை வரை கணக்கில் வந்தது, பண்ணையாட்களையும் விடவில்லை. லாரியில் வைக்கோலைப் பரப்பி ஜமுக்காளம் விரித்தார்கள், கட்டுச்சோற்றுக் குண்டாக்களை ஏற்றினார்கள்.

கிளம்புகிற காலையில் வசந்தாமணி தோட்டத்துக் கடைசியிலிருந்த ஓலைச் சாளையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்முணி ஊட்டுக்குத் தூரமுங்க. கோயலுக்கு வரப்படாது" என்றாள் ஆத்தாயி.

மருதாசலம் முகத்தைச் சுளித்தார். "நாளு பாத்துத்தான் வருது. செரி, சோத்தைக் குடுத்துட்டு வா."

சோற்றோடு ஓடிய ஆத்தாயிக்கு மகளைப் பார்த்ததும் உயிரே போய்விட்டது. தலை சீவி, கனகாம்பரச் சரம் வைத்துக்கொண்டு கல்யாணப் பெண்ணாட்டம் உட்கார்ந்திருந்தாள். "கூறு கெட்டவளே, தூரமானவ தலையில பூவா?" என்று பிடுங்கிச் சாளைக்குப் பின்னால் எறிந்தாள்.

"மத்தியானம் வந்துருவேன்னு சொல்லியிருக்காரும்மா. நேராத் திருச்சிக்குப் போயிருவோம்" என்ற வசந்தாமணி, தாயின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"போயிரு சாமி. திரும்பிப் பாக்காமப் போயிரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆத்தாயி லாரிக்கு வந்து சேர்ந்தாள். வாய்க்கால் மடையை அடைக்கப் போயிருந்த மருதாசலம் சற்றுக் கழித்து வந்து, "செவலையையும் ஏத்துங்க" என்றார்.

"நாயி ராட்டினம் சுத்தப் போகுதுங்களா மாமா?" என்று சிரித்தாள் மருமகள் சௌந்திரம்.

"நாம உள்ள போனா லாரியில சோத்துக் குண்டாவுக்கு ஆரு காவலு?" என்றவர், மகன் சின்னண்ணனைத் தனியே கூப்பிட்டு, "நீ கடைசியில நாயப் புடிச்சுட்டு உக்காரு" என்றார்.

நாய்க் காவலை நினைத்து லாரியே கொல்லென்று சிரித்தது. ஆத்தாயியும் சிரித்தாள். அற்புதராஜைக் கண்டால் செவலை குரைத்து ஊரைக் கூட்டிவிடுமே என்று பயந்துகொண்டிருந்தாள், அந்தக் கவலையும் தீர்ந்தது. நிம்மதியாக முன்பக்கம் ஏறிப் புருசன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பொங்கலும் ஆயிற்று, சேலமும் வந்தது. பேரப்பிள்ளைகள் பொருட்காட்சிக்குள் ஆளுக்கொரு பக்கம் பறந்தன.

"வா புள்ள, ராட்டினத்துல ஏறலாம்" என்றார் மருதாசலம். கல்யாணமான நாளாக எதற்கும் இப்படிக் கூப்பிட்டவர் இல்லை. இவரை ஏமாற்றிவிட்டோமே என்று அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

பெட்டி மேலே போனது. இந்நேரம் திருச்சி பஸ் ஏறியிருப்பார்கள், போதுமடா சாமி என்று அவள் மனசு குளிர்ந்தது. கீழே லாரிச் சக்கரத்தில் செவலை கட்டிக் கிடந்தது. பக்கத்தில் சௌந்திரம் மட்டும் குழந்தையோடு நின்றாள்.

"சின்னண்ணன் எங்கீங்க?"

"கோயல்லயே எறங்கிட்டான். ஊட்டுல ஒரு வேலை இருக்குது."

"என்னுங்க வேலை?"

மருதாசலம் சட்டைப் பைக்குள் கையை விட்டு எடுத்து, அவள் மடியில் போட்டார். வாடிப்போன கனகாம்பரச் சரம்.

"சாளைக்குப் பின்னால கெடந்துச்சு. தூரமானவளுக்கு எதுக்குப் பூவு?"

ராட்டினம் உச்சியில் போய் நின்றது. "எறக்கச் சொல்லுங்க... ஐயோ, எறக்கச் சொல்லுங்க" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவர் அசையவில்லை. கீழே கயிற்றை இழுத்து இழுத்துக் குரைத்துக்கொண்டிருந்த நாயையே பார்த்தபடி சொன்னார்.

"செவல அங்கிருந்தா, அம்முணி மேல கை வெக்க உடாதல்லொ."