முதலாளி போட்ட கையெழுத்து

“கூலியை உயர்த்து! இல்லேன்னா தோட்டத்தை விட்டு ஓடு!”

ஏலக்காய் ஸ்டோருக்கு முன்னாலிருந்த பாறைமேல் ஏறி நின்று அழகுமலை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஜீப்பிலிருந்து இறங்கிய கண்ணுச்சாமி முதலாளி கதவைக்கூடச் சாத்தாமல் நின்றுவிட்டார். குரங்கணிக்கு மேலே இத்தனை வருசமாகத் தோட்டம் வைத்திருக்கிறார்; கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து ஆள் ஒருவன் அவரை நிமிர்ந்து பார்த்ததுகூடக் கிடையாது.

சரிவில் காய் பறித்த பெண்களில் ஒருத்தியும் தலை தூக்கவில்லை. கை அதுபாட்டுக்குப் பறித்துக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பயப்படுகிறார்கள், நாளைக்கு இவன் பின்னால் போய்விடுவார்கள் என்று முதலாளி நினைத்தார்.

“யாருய்யா இவன்?”

“நம்ம சின்னமுத்து மகன்தான் முதலாளி. மதுரையில பி.ஏ. முடிச்சிட்டு வந்திருக்கான். ஒரு வாரமா இதே சோலிதான்” என்றார் கங்காணி பிச்சைமணி.

“போலீசுல சொல்லிருவோமா?”

“வேணாம் முதலாளி, பேப்பர்ல போட்டுருவாக. அரிசனப் பிள்ளைகளுக்குச் சர்க்காரு ஸ்காலர்ஷிப் தருதாம்ல? அதுல பட்டணத்துக்குப் போயி வக்கீலுக்குப் படிக்கலாமாம். பெரிய மனுசர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ஆளு வெரசாக் கிளம்பிருவான்.”

முதலாளியின் முகம் மலர்ந்தது. லயத்துப் பிள்ளைகள் ஒருவருக்கும் அவர் அதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. கேட்டு வந்தவர்களை வாசலோடு விரட்டியிருக்கிறார். ஆனால் இது தர்மமா என்ன? கறுப்புக் கோட்டு மாட்டிய எவன் அட்டைக்கடி வாங்க மறுபடி மலை ஏறுவான்?

சேதி கேட்டு ஓடி வந்த சின்னமுத்து அவர் காலிலேயே விழுந்துவிட்டார். “வேணாம் முதலாளி! எம் மகனைக் கண்காணாத ஊருக்குத் தள்ளிராதீக. அவனைப் பிரிஞ்சு நாங்க எப்படி இருப்போம்?”

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் முதலாளிக்குப் பிடிவாதம் இன்னும் கூடிவிட்டது. ‘இவனைப்போல் அடக்கமான பிள்ளையை இந்த மலையிலேயே பார்த்ததில்லை’ என்று மனசாரப் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டாரா? மதுரைக்குப் போய் அதிகாரியின் வாசலில் காத்துக்கிடந்து, ஆளைப் பிடித்துப் பேசிவிட்டும் வந்தார். சொந்த மருமகன் உத்தியோகத்துக்குக்கூட மனுசன் இப்படி அலைந்ததில்லை.

ஸ்காலர்ஷிப் கிடைத்தது. சட்டக் கல்லூரியில் இடமும் கிடைத்தது.

அழகுமலை கிளம்பிய அன்று, பீடை ஒழிவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று முதலாளி போடி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். யார் கண்ணிலும் படாமல் காப்பிக் கடைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். மதுரை பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அப்பாடா என்று ஒரு வாய் காப்பியை உறிஞ்சினார். அன்றைக்கு அந்தக் காப்பி அமிர்தமாக இறங்கியது.

தட்டிக்கு அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தார். சின்னமுத்துவும் அவர் மகள் வேலுத்தாயும் நின்றார்கள். அந்த வருசம்தான் எஸ்.எஸ்.எல்.சி. பாசான பெண். சின்னமுத்துவின் முகத்தில் அழுத சுவடே இல்லை.

“அப்பா, அண்ணன் போயிருச்சு. நானும் காலேசுல சேர்ந்து வக்கீலுக்குப் படிக்கணும். எனக்கு யாரு கையெழுத்துப் போடுவாக?”

“அதே முதலாளிதான்” என்று சிரித்தார் சின்னமுத்து. “நாளையிலருந்து நீ கத்து, ஆத்தா.”